பூசணியை எப்போது வழியனுப்புவது?

கேள்வி:

டாக்டர், எங்கள் வீட்டுப் பூனை பூசணிக்கு வயது 16. குட்டியில் மஞ்சளாக, உருண்டையாக இருந்ததால் அந்தப் பெயர். என் கல்யாணத்துக்கு முன்பிருந்தே என்னோடு இருப்பவன். இரண்டு வருடமாகச் சிறுநீரகம் சரியில்லை. மாத்திரை, தனி உணவு, தோலுக்கடியில் சலைன் என்று எல்லாம் செய்கிறோம். ஐந்து கிலோ இருந்தவன் இப்போது இரண்டரை கிலோ. போன வாரம் எடுத்த ரத்தப் பரிசோதனையில் கிரியாட்டினின் 7.8. அவனைப் பார்க்கும் மருத்துவர், "வீட்டில் பேசி முடிவெடுங்கள்" என்று சொல்லிவிட்டார். என் மாமியார், "உயிரை எடுக்க நாம் யார்? அது பாட்டுக்குத் தூக்கத்தில் போய்ச் சேரட்டும்" என்கிறார். கணவர் வாயே திறப்பதில்லை. மடியில் போட்டால் பூசணி இன்னும் குர்ர் குர்ர் என்கிறான். அப்படியென்றால் சந்தோஷமாகத்தானே இருக்கிறான்? எப்போது என்று எப்படித் தெரிந்துகொள்வது? ஊசி போடும்போது நான் பக்கத்தில் இருக்கலாமா? ஏழு வயது மகளிடம் என்ன சொல்வது? மிளகு என்று இன்னொரு பூனையும் வீட்டில் இருக்கிறது. கருணைக் கொலை என்ற வார்த்தையைக் கேட்டாலே நான் கொலைகாரி என்று தோன்றுகிறது. ஒரு பூனைக்காக இப்படி அழுவது சரியா என்றும் தெரியவில்லை.

பின்குறிப்பு: அவனுக்கு மீன் என்றால் உயிர். சிறுநீரக உணவு ஆரம்பித்ததிலிருந்து கொடுக்கவில்லை. இப்போது கொடுக்கலாமா?

பதில்:

அன்புள்ள வாசகிக்கு,

முதலில் அந்த வார்த்தையைப் பேசிவிடுவோம். பல வருடமாக இந்த வேலையில் இருக்கிறேன். 'கருணைக் கொலை' என்ற சொல்லை நான் வீட்டுக்காரர்களிடம் பயன்படுத்துவதே இல்லை. முன்னால் எவ்வளவு கருணையைப் போட்டாலும் பின்னால் வரும் கொலைதான் காதில் விழும். இதற்கு ஆங்கிலத்தில் வழங்கும் சொல் கிரேக்கத்திலிருந்து வந்தது. அங்கே அதற்கு 'நல்ல சாவு' என்றுதான் பொருள். நாமும் சொல்கிற வார்த்தைதானே இது? வயதானவர் ஒருவர் இழுத்துக்கொண்டு கிடக்காமல் போய்ச் சேர்ந்தால் "நல்ல சாவு" என்கிறோம். பூசணிக்கு அது கிடைக்குமா என்பதுதான் உங்கள் வீட்டில் இப்போது நடக்கும் பேச்சு. இனி இந்தக் கடிதம் முழுவதும் அந்தச் சொல்லையே வைத்துக்கொள்கிறேன்.

கிரியாட்டினின் என்பது சிறுநீரகம் ரத்தத்திலிருந்து வெளியேற்ற வேண்டிய ஒரு கழிவு. அது 7.8 என்றால் என்ன என்று உங்கள் மருத்துவர் விளக்கியிருப்பார். ஆனால் அந்த அறையில் உட்கார்ந்திருக்கும்போது பாதி காதில் ஏறியிருக்காது. பூனையின் நாள்பட்ட சிறுநீரக நோயை நான்கு கட்டமாகப் பிரித்து வைத்திருக்கிறோம். ரத்தத்தில் ஒரு டெசிலிட்டருக்கு 5 மில்லிகிராமைக் கிரியாட்டினின் தாண்டினால் அது நான்காவது கட்டம், அதாவது கடைசி. உடம்பில் நீர் வற்றினாலும் இந்த அளவு ஏறும்; ஆனால் சலைன் ஏற்றிக்கொண்டிருக்கும்போதே 7.8 என்றால் அந்தச் சமாதானத்துக்கும் அதிக இடமில்லை. இன்னொன்று. சிறுநீரகத்தின் திறனில் ஏறக்குறைய முக்கால் பங்கு போன பிறகுதான் கிரியாட்டினின் கண்ணில் படும்படி ஏறும். அதனால் 'முன்னாடியே கவனித்திருந்தால்' என்று ராத்திரியில் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தால் அதை நிறுத்திவிடுங்கள். பூனை அதை யாருக்கும் காட்டாது, எனக்கும்தான்.

போன பகுதி திரும்ப வளர்வதில்லை. ஆகவே அவன் இருப்பானா, போவானா என்பது உங்கள் கையில் இல்லை. எப்படிப் போவான் என்பதில்தான் உங்களுக்குக் கொஞ்சம் இடம் இருக்கிறது. உங்கள் மாமியார் சொல்வதையும் இந்த இடத்தில் வைத்துத்தான் பார்க்க வேண்டும். அவர் கேட்பதும் நல்ல சாவைத்தான்: தூக்கத்தில், வலியில்லாமல். அதில் அவருக்கும் உங்களுக்கும் சண்டையே இல்லை. சிக்கல் என்னவென்றால், சிறுநீரகம் செயலிழந்து சாகும் பூனைக்கு அப்படிப்பட்ட தூக்கம் அபூர்வமாகத்தான் வாய்க்கிறது. சிறுநீரில் வெளியேற வேண்டிய கழிவு ரத்தத்திலேயே தங்குகிறது. விடாமல் குமட்டும். வாயில் புண் வரும், மூச்சில் அமோனியா வாடை அடிக்கும். பொட்டாசியம் குறைந்தால் கழுத்தைக்கூடத் தூக்க முடியாமல் தலை தொங்கிப்போகும். ரத்த அழுத்தம் ஏறி ஒரே ராத்திரியில் பார்வை போன பூனைகளைப் பார்த்திருக்கிறேன். கடைசியில் சிலதுக்கு வலிப்பு வரும். இதெல்லாம் ஒரு மணி நேரத்தில் முடிவதில்லை, நாள் கணக்கில் போகும். உங்களைப் பயமுறுத்த இதை எழுதவில்லை. மாமியாரிடம் இந்தப் பத்தியை அப்படியே படித்துக் காட்டுங்கள். அவர் மனதிலிருப்பது வேறு ஒரு சாவின் படம் என்று நினைக்கிறேன்.

சரி, எப்போது?

ஆலிஸ் வில்லாலோபோஸ் என்ற அமெரிக்கக் கால்நடைப் புற்றுநோய் மருத்துவர் 2004-இல் ஓர் அளவுகோல் கொடுத்தார். வலி, பசி, உடம்பின் நீர்ச்சத்து, சுத்தம், மகிழ்ச்சி, நடமாட்டம், கெட்ட நாளைவிட நல்ல நாள் அதிகமா என்று ஏழு விஷயம். ஒவ்வொன்றுக்கும் பத்துக்கு மதிப்பெண். மொத்தம் 35-ஐத் தாண்டினால் இப்போதைக்குப் பராமரிப்பைத் தொடரலாம். நான் இதை வீட்டுக்காரர்களிடம் கொடுப்பதுண்டு. கொடுத்துவிட்டு, மதிப்பெண்ணை ரொம்ப நம்ப வேண்டாம் என்றும் சொல்வேன். பிரியமானவர்கள் போடும் மார்க் எப்போதும் தாராளமாகத்தான் இருக்கும். பொதுத்தேர்வில் சொந்தப் பிள்ளையின் விடைத்தாளைத் திருத்தக் கொடுத்த மாதிரி. ஆனால் நீங்கள், கணவர், மாமியார் மூவரும் ஒருவர் போட்டதை ஒருவர் பார்க்காமல் தனித்தனியாகப் போட்டுப் பாருங்கள். வாய் திறக்காத உங்கள் கணவர் பேப்பரில் என்ன எழுதுகிறார் என்பது உங்களுக்குத் தெரிய வேண்டும். அவர் அலட்சியமாக இருக்கிறார் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். 'சரி, செய்துவிடலாம்' என்று முதலில் சொன்னவர் என்ற பெயர் தனக்கு வந்துவிடக் கூடாது என்று பலர் இப்படித்தான் மௌனமாக இருப்பார்கள்.

மதிப்பெண்ணைவிட எனக்கு நம்பிக்கையான வழி ஒன்று இருக்கிறது. பூசணி எதனால் பூசணி? அவனுக்கே உரிய மூன்று பழக்கங்களை ஒரு தாளில் எழுதுங்கள். நீங்கள் குளிக்கும்போது கதவுக்கு வெளியே உட்கார்ந்து கத்துவானோ, மகளின் பள்ளிப் பைமேல்தான் படுப்பானோ, எனக்குத் தெரியாது, உங்களுக்குத் தெரியும். அந்த மூன்றில் இன்று எத்தனை நடந்தது என்று காலண்டரில் தினமும் குறியுங்கள். மூன்றில் இரண்டு நின்றுபோய், தொடர்ந்து பல நாள் திரும்பவில்லை என்றால், நீங்கள் பார்த்துக்கொண்டிருப்பது பூசணியின் உடம்பை மட்டும்தான். இரண்டு மூன்று நாளாக எதையுமே சாப்பிடவில்லை, தன்னைத் தானே நக்கிச் சுத்தம் செய்வது நின்றுவிட்டது, மலத்தட்டுக்கு நடந்து போக முடியாமல் படுத்த இடத்திலேயே போகிறான், இருட்டு மூலை தேடி ஒளிகிறான் என்றால் காலண்டருக்காகவும் காத்திருக்க வேண்டாம். அன்றே மருத்துவரைக் கூப்பிடுங்கள்.

இப்போது அந்தக் குர்ர் சத்தம். இதைச் சொல்வதற்கு எனக்குத் தயக்கம்தான், ஏனென்றால் நீங்கள் பிடித்துக்கொண்டிருக்கும் கயிறு அது. பூனை சந்தோஷத்தில் அந்தச் சத்தம் எழுப்பும். வலியிலும் எழுப்பும், பயத்திலும் எழுப்பும். பிரசவ வேதனையில் கிடக்கும் பூனையும், எலும்பு முறிந்து என் மேஜையில் கிடக்கும் பூனையும் குர்ர் என்பதைக் கேட்டிருக்கிறேன். தன்னைத் தானே சமாதானம் செய்துகொள்ளும் வழி அது என்றே பலரும் கருதுகிறோம். உங்கள் மடியில் அவனுக்குச் சுகம் இருக்கிறது என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் 'வலி இல்லை' என்பதற்கு அது சாட்சி ஆகாது.

சாட்சி வேண்டுமென்றால் முகத்தைப் பாருங்கள். கனடாவின் மான்ட்ரியால் பல்கலைக்கழகத்தில் ஒரு குழு 2019-இல் பூனையின் முகத்தை வைத்து வலியை அளக்கும் முறையை வெளியிட்டது. காது, கண், மூக்கு வாய்ப் பகுதி, மீசை, தலை இருக்கும் நிலை என்று ஐந்து இடம். காதுகள் இரண்டும் விலகி வெளிப்பக்கமாகத் திரும்பியிருக்கிறதா, கண்ணைச் சுருக்கி வைத்திருக்கிறதா, உருண்டையான மூஞ்சி இறுகி நீண்ட மாதிரி ஆகிவிட்டதா, மீசை தளர்வாக வளையாமல் விறைத்து முன்னால் நிற்கிறதா, தலை தோளுக்குக் கீழே தொங்குகிறதா. ஒவ்வொன்றுக்கும் 0, 1 அல்லது 2. பத்துக்கு நான்கு வந்தாலே வலிக்கு மருந்து கொடுப்பதை யோசிக்க வேண்டும். அவன் விழித்துச் சும்மா உட்கார்ந்திருக்கும்போது, கிட்டே போகாமல், போனில் படம் எடுங்கள். இரண்டு வருடத்துக்கு முன்பு எடுத்த படம் கட்டாயம் இருக்கும். பக்கத்தில் வைத்துப் பாருங்கள். குமட்டலை இந்த முறை அளக்காது, ஆனாலும் தினமும் பார்த்துப் பழகிய கண்ணுக்குத் தப்பிய மாற்றம் அந்த இரண்டு படத்துக்கு நடுவில் தெரிந்துவிடும்.

இதைப் படித்துவிட்டு, வலிக்கிறதே என்று வீட்டிலிருக்கும் பாராசிட்டமாலை மட்டும் உடைத்துக் கொடுத்துவிடாதீர்கள். அந்த மருந்தை உடைத்து வெளியேற்றும் வழி பூனையின் கல்லீரலில் மிகக் குறைவு. ஒரே மாத்திரையில் செத்துப்போகலாம், அதுவும் மூச்சுத் திணறி. பாசத்தால் கொடுத்துவிட்டு அழுதுகொண்டே தூக்கிவந்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

என் சொந்தக் கதை ஒன்றும் சொல்லிவிடுகிறேன். எங்கள் வீட்டில் ஒரு பெண் பூனை 14 வருடம் இருந்தது. அதற்கும் இதே நோய். ஊருக்கெல்லாம் நாள் சொல்கிற நான், என் பூனைக்கு மட்டும் 'நாளைக்குப் பார்க்கலாம்' என்று எட்டு நாள் தள்ளினேன். ஒவ்வொரு நாளும் ஒரு சாக்கு கிடைத்தது. ஒரு நாள் இரண்டு நக்கு தண்ணீர் குடித்தது, மறுநாள் வாலை ஆட்டியது. எட்டாம் நாள் விடியற்காலை அதற்கு வலிப்பு வந்தது, மருந்துப் பெட்டி கிளினிக்கில் இருந்தது. போய் எடுத்துவர ஆன அந்த இருபத்தைந்து நிமிடத்தை என் மனைவி தனியாக இருந்து பார்த்தாள். அதற்குப் பிறகுதான் நான் இந்தக் கேள்விக்கு ஒழுங்காகப் பதில் சொல்ல ஆரம்பித்தேன். சீக்கிரம் செய்துவிட்டோமே என்று வருந்தி என்னிடம் வந்தவர்கள் உண்டு. தள்ளிப் போட்டுவிட்டோமே என்று வந்தவர்கள் அதைவிட நிறையப் பேர். நல்ல நாள் ஒன்றில் அவனை அனுப்புவது மனதுக்கு ஒப்பாதுதான். ஆனால் அவனுக்கு ஒரு நல்ல சாவு வேண்டுமென்றால், ஏதோ ஒரு நல்ல நாளை விட்டுக்கொடுத்துத்தான் ஆக வேண்டும்.

ஊசி போடும்போது கூட இருக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். என்ன நடக்கும் என்று முன்பே தெரிந்திருந்தால் இருங்கள். தெரியாமல் போய் நின்றால் கண்ணில் பட்ட ஒரு சின்ன அசைவு பல வருடம் துரத்தும்.

முதலில் மயக்க மருந்து. தோலுக்கடியிலோ தசையிலோ ஒரு ஊசி. சுருக்கென்று வலிக்கும், கோபப்பட்டுக் கத்தலாம். சில மருந்துக்கு வாந்தி வரும். ஐந்திலிருந்து பதினைந்து நிமிடத்தில் அவன் உங்கள் மடியிலேயே ஆழ்ந்த மயக்கத்துக்குப் போய்விடுவான். பேச வேண்டியதை அந்த நிமிடங்களில் பேசிவிடுங்கள். அப்புறம்தான் இரண்டாவது மருந்து. பெரும்பாலும் பென்டோபார்பிட்டால், ஒரு காலத்தில் அறுவை சிகிச்சைக்கு மயக்கம் கொடுக்கப் பயன்பட்ட அதே மருந்துதான், அளவு மட்டும் மிக அதிகம். பொதுவாக முன்னங்காலில் ரத்தக் குழாய் ஊசி மூலம் போகும். முதலில் மூளை அடங்கும், பிறகு மூச்சு, பிறகு இதயம். பெரும்பாலும் ஓரிரு நிமிடம். பூசணி இளைத்து நீர் வற்றியிருப்பதால் ரத்தக் குழாய் சரியாகக் கிடைக்காமல் போகலாம். அப்போது மருத்துவர் வயிற்றுக்குள்ளோ, நேராகச் சிறுநீரகத்துக்குள்ளோ ஊசி போடுவார். கேட்கப் பயங்கரமாக இருக்கும், ஆனால் முழு மயக்கத்தில் இருப்பவனுக்கு அது தெரியாது.

கண் மூடாது. இதை எல்லோரிடமும் முன்கூட்டியே சொல்லிவிடுவேன், ஏனென்றால் கண் மூடிக்கொள்ளும் என்றுதான் எல்லோரும் எதிர்பார்க்கிறார்கள். இதயம் நின்ற பிறகும் ஒன்றிரண்டு முறை பெருமூச்சு மாதிரி வரலாம், மீசையோ காலோ துடிக்கலாம், சிறுநீர் போகலாம். தசைகள் தளரும்போது நடக்கிற வேலை இது. அவன் அங்கே இல்லை. அடியில் ஒரு பழைய துண்டு போட்டுக்கொள்ளுங்கள்.

மருத்துவரிடம் முன்பே ஒரு கேள்வி கேளுங்கள்: "முதலில் முழு மயக்கம் கொடுப்பீர்களா, இரண்டாவதாக என்ன மருந்து?" மயக்கம் கொடுக்காமல் நேராகப் பொட்டாசியம் குளோரைடோ மெக்னீசியம் சல்ஃபேட்டோ போடுவது நல்ல சாவு இல்லை. யாராவது அப்படிச் சொன்னால் பூசணியைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்துவிடுங்கள். வீட்டுக்கே வந்து செய்யும் மருத்துவர் கிடைத்தால் அதுதான் முதல் தேர்வு. கூண்டும் பயணமும் நாய் வாடையும் பூனைக்குப் பெரிய தண்டனை. பணத்தையும் முன்பே கொடுத்துவிடுங்கள். எல்லாம் முடிந்து அழுதுகொண்டு கவுன்டரில் சில்லறை எண்ணுவதைப் போல் கொடுமை இல்லை.

மகளிடம் "தூங்க வைத்தோம்" என்று சொல்லாதீர்கள். அன்று ராத்திரி அவள் தூங்கப் பயப்படுவாள். "ஊருக்குப் போயிருக்கிறான்" என்றால் வாசலையே பார்த்துக்கொண்டிருப்பாள். "அவன் உடம்பு ரொம்பப் பழுதாகிவிட்டது, சரி செய்ய முடியாது, வலிக்காமல் சாக டாக்டர் உதவி செய்வார்" என்று சொல்லுங்கள். சாவு என்ற சொல்லைச் சொல்லுங்கள். ஏழு வயதுக் குழந்தைக்குப் பெரும்பாலும் அது திரும்பி வராத ஒன்று என்று புரியும். அவள் "எனக்கும் சலைன் போட்டார்களே, நானும் சாவேனா?" என்று கேட்கலாம். அதற்குப் பதில் தயாராக இருக்கட்டும். ஊசி போடும் அறையில் அவள் இருப்பதை நான் கட்டாயப்படுத்த மாட்டேன், தடுக்கவும் மாட்டேன். அவளையே கேளுங்கள்.

மிளகுக்கு அவன் உடம்பை மோந்து பார்க்கவிடுங்கள். அதற்கு என்ன புரிகிறது என்று நாம் சொல்லிவிட முடியாது, ஆனால் பிறகு வீடு முழுக்கத் தேடிக் கத்துவது உண்டு. சாப்பாட்டில் மட்டும் கண் வையுங்கள்; இரண்டு நாள் சாப்பிடாத பூனைக்குக் கல்லீரலில் கொழுப்பு சேர்ந்து அதுவே தனி நோயாகலாம். புதைப்பதாக இருந்தால் மூன்றடிக்குக் குறையாமல் தோண்டுங்கள், கிணற்றுக்குத் தள்ளி. பென்டோபார்பிட்டால் உடம்பில் அப்படியே இருக்கும். நாயோ பருந்தோ தோண்டித் தின்றால் அதுவும் செத்துவிடும். எரிப்பதில் இந்தத் தொல்லை இல்லை.

பூனைக்காக அழலாமா என்ற கேள்விக்கு வருகிறேன். பழைய எகிப்தில் வீட்டுப் பூனை இறந்தால் வீட்டிலுள்ளவர்கள் எல்லோரும் புருவத்தை மழித்துக்கொண்டார்கள் என்று ஒரு கிரேக்கப் பயணி சுமார் 2,400 ஆண்டுகளுக்கு முன்பு எழுதி வைத்திருக்கிறார். எனக்கு இதில் பொறாமையே உண்டு. அந்த முகத்தைப் பார்த்து யாரும் "என்ன ஆச்சு?" என்று கேட்க வேண்டியதில்லை, "பூனைதானே" என்றும் சொல்ல முடியாது. கென்னத் டோக்கா என்ற அமெரிக்க ஆய்வாளர் 1989-இல் இந்த மாதிரித் துக்கத்துக்கு ஒரு பெயர் வைத்தார். தமிழில் 'உரிமை மறுக்கப்பட்ட துக்கம்' என்று சொல்லலாம். யாரும் துக்கம் விசாரிக்க வராத, லீவு கேட்க முடியாத துக்கம். அலுவலகத்தில் காரணம் சொல்லப் பிடிக்கவில்லை என்றால் காய்ச்சல் என்று சொல்லிவிட்டு இரண்டு நாள் வீட்டில் இருங்கள். டாக்டரே பொய் சொல்லச் சொல்கிறாரே என்று நினைக்காதீர்கள். தினமும் சலைன் ஏற்றிய நேரம் வரும்போது கை சும்மா இருக்கும், அதுதான் ரொம்ப வதைக்கும். அந்த நேரத்துக்கு ஏதாவது ஒரு வேலையை இப்போதே யோசித்து வையுங்கள். பல வாரம் ஆகியும் தூக்கமும் சாப்பாடும் சரியாகவில்லை என்றால் மனநல மருத்துவரிடம் போக வெட்கப்பட வேண்டாம்.

கடைசியாக அந்த மீன். சிறுநீரக உணவு வருடங்களை நீட்டிக்கக் கொடுப்பது. அவன் இருக்கும் கட்டத்தில் அந்தக் கணக்கு முடிந்துவிட்டது. கொடுங்கள். உப்பும் மசாலாவும் இல்லாமல் வேகவைத்து, கொஞ்சம் வெதுவெதுப்பாக இருக்கும்போது வையுங்கள். குமட்டலில் இருக்கும் பூனைக்கு வாசனை தெரிந்தால்தான் வாய் திறக்கும். வாயில் புண் இருந்தால் நன்றாக மசித்து விரலில் எடுத்துக் கொடுங்கள். முள்ளை மட்டும் ஒன்றுக்கு இரண்டு முறை பார்த்து எடுத்துவிடுங்கள்.